சன்னாசிமலைக்கு நடந்து செல்ல ஒரு திட்டம்



மாசி மகம் என்றதும் மலாக்காத் தமிழர்களின் நினைவு செங் வட்டாரத்துச் சன்னாசிமலைக்குப் போய்விடும். நகரின் ஜாலான் துக்காங் எமாசில், 1781-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. அங்கிருந்துதான் முருகப் பெருமான் வெள்ளி ரதத்தில் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு எழுந்தருள்கிறார். தோட்டங்களில் நம்மவர் நிறைந்திருந்த நாளில், எங்கள் தோட்டத்து மக்களும் லாரியில் ஏறி நகருக்கு வந்து ரதத்தின் பின்னே நடந்தனர். அவர்களுள் என் பெற்றோரும் இருந்தனர்.

மகனுக்கு ஆசிரியர் பணி கிடைத்தால் ரதத்தின் பின்னே வெறுங்காலுடன் நடந்து வருவதாக அம்மா நேர்ந்துகொண்டார். பணி கிடைத்தது. ஆனால், அடுத்தடுத்து வந்த நோய்கள் அவரை நடக்கவிடவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அந்த நேர்த்திக்கடனைத் தாம் நிறைவேற்ற வேண்டும் என்று இவ்வாண்டு அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு அகவை எழுபத்தாறு.

நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவருக்கு நடை புதிதன்று. தடையாக நிற்பது நீரிழிவு நோய். பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது; கல் குத்திப் புண்ணானாலும் தெரியாது. அப்புண் ஆறாமல் போனால் விரலையே இழக்க நேரிடும். நடப்பது நல்லது, ஆனால் வெறுங்காலோடு கூடவே கூடாது என்று கிளினிக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

திருவிழா நாளின் நெரிசலும் அவருக்கு ஆகாது. ரதம் நிற்கும் இடத்தில் நின்று, நகரும்போது நகர வேண்டும். உட்கார நினைத்தால் இடம் கிடைக்காது. ஆதலால், இரண்டு வாரங்களுக்கு முன்னதாக ஒரு சனிக்கிழமையன்று போகலாம் என்றேன். நாள் மாறினால் ஒப்புக்கொள்வாரோ என்று அஞ்சினேன். அப்பா சற்று யோசித்தார். “ரதம் அதன் நாளில் வரட்டும். நான் முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்,” என்றார்.

அதன் பிறகு கணக்கைத் தொடங்கினேன். தொலைவு ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். மலையேறிகள் இன்றும் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்தது. அதன்படி சமவெளியில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று மைல், அதாவது ஐந்து கிலோமீட்டர். அவ்வாறாயின் இரண்டு மணி நேரம் போதும். குளிர்நாட்டுத் திடகாத்திரருக்கு வகுத்த கணக்கு அப்பாவுக்குப் பொருந்துமா? அவருக்கு மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்தேன். மூன்று மணி இருபது நிமிடம். இருபது நிமிடமாக நான்கு முறை ஓய்வு. ஆக மொத்தம் நான்கு மணி நாற்பது நிமிடம்.

நம் நாட்டில் கடிகாரம் கதிரவனுக்கு முன்னே ஓடுகிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்தள்ளப்பட்டது. அதனால் பிப்ரவரியில் மலாக்காவில் பொழுது புலரவே ஏழே கால் தாண்டிவிடும். உச்சிப்பொழுது பிற்பகல் ஒன்றேகாலுக்குப் பிறகுதான். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் பதினொன்றே காலுக்குள் மலையை அடையலாம். கொடும் வெயிலுக்கும் மாலை இடிமழைக்கும் தப்பலாம்.

நடைப்பயணம் பற்றிப் படித்தபோது இத்தாலியின் வியா பிரான்சிசெனா என்னும் யாத்திரைப் பாதையை அறிந்தேன். கேன்டர்பரிப் பேராயர் சிகெரிக் 990-ஆம் ஆண்டையொட்டி ரோமாபுரியிலிருந்து திரும்பும் வழியில், தாம் தங்கிய ஏறத்தாழ எண்பது இடங்களின் பெயர்கள் பதிவாயின. இன்று அப்பாதையில் நடப்போருக்கு அப்பட்டியலே அடிப்படை. குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தாரும் இடத்துக்கு இடம் தங்கித்தான் நடக்கின்றனர். நடைப்பயணத் திட்டம் என்பது, எங்கெங்கே உட்காருவது என்று முடிவு செய்வதுதான் போலும்.

ஆகவே, மகிழுந்தில் மெதுவாகச் சென்று உட்காருமிடங்களைத் தேடினேன். முதலாவது, காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகளின் கிராமத்தருகே. பொய்யாத விநாயகர் ஆலயம் அச்சமூகத்தாருடையது. அங்கே சற்று உட்காருவது பொருத்தமே. இரண்டாவது, கூரையுள்ள ஒரு பேருந்து நிறுத்தம். மூன்றாவது, கழிவறை வசதியுள்ள ஓர் உணவுக்கடை. நான்காவது, மலைக்குச் சற்று முன்னே ஒரு மர நிழல். சாலையோரம் குறுகும் இடங்களில் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். மைத்துனர் மகிழுந்துடன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்திருப்பார். அப்பாவுக்கு முடியவில்லை என்றால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். இதற்கு அவர் முன்கூட்டியே இசைந்திருக்கிறார்.

விரதம் இருப்பேன் என்றவரை, மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினியாக நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்று விளக்கி, ஐந்தரை மணிக்கு இடியப்பம் உண்ணச் சம்மதிக்க வைத்தேன். சட்டைப்பையில் மிட்டாய், கையில் தண்ணீர்ப் புட்டி, தலையில் தொப்பி.

காலணியில்தான் பிடிவாதம் நீடித்தது. “அட்டையும் முள்ளும் பார்த்த கால் இது,” என்றார். அம்மா நேர்ந்தது வெறுங்காலுக்கு. அதை மாற்ற நமக்கென்ன உரிமை என்றும் கேட்டார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வழி கண்டார்.

“வேலை கிடைத்தது உனக்குத்தானே? வெறுங்காலோடு நீ நட. நான் காலணி போட்டுக்கொண்டு உன்னோடு வருகிறேன்.”

அவ்வாறே முடிவாயிற்று. இப்போது அதிகாலையில் நான் வெறுங்காலோடு நடந்து பாதங்களைப் பழக்கி வருகிறேன். அப்பா புதுக் காலணி அணிந்து எங்கள் தாமான் திடலைச் சுற்றி வருகிறார். வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி, பாதங்களை எனக்குக் காட்ட வேண்டும் என்பது உடன்பாடு. நேற்று ஆறு சுற்று. கொப்புளம் இல்லை.