உறுப்புகளும் ஒத்திசைவும்

விளையாட்டுக்கென உயர்தரக் கணினியொன்றை முதன்முதலாகத் தானே அமைக்க விழையும் இளைஞனின் உள்ளம் வரைகலை அட்டையையே முதலில் நாடும். 2023ஆம் ஆண்டின் இறுதியில், பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிச் சேர்த்த பணத்தோடு பம்பலப்பிட்டிக் கடையொன்றுக்குச் சென்ற மாணவனும் இதற்கு விலக்கானவனல்லன். முந்திய ஆண்டில் வெளிவந்த ஆர்ரிஎக்ஸ் 4090 அட்டையே அவனது கனவு. மின்வழங்கியை மலிவாக வாங்கலாம். குறைந்த தொகைக்குத் தாயின் காப்பை அடகுவைக்கக் கேட்கலாம் என்பது அவன் கணக்கு.

கடைக்காரர் கேட்டது ஒன்றே: "தம்பி, எந்தத் திரையில விளையாடப் போறீர்?"

அவனிடமிருந்தது 1920 × 1080 புள்ளிகளைக் கொண்ட பழைய திரை. அவ்வட்டையோ அதனிலும் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட திரைக்கு ஏற்றது. சிறிய திரையில் அதன் ஆற்றலிற் பெரும்பகுதி, செயலியின் வேகத்துக்காகக் காத்திருப்பதிலேயே கழியும். மேலும், அது மட்டுமே 450 வாற்று மின்னைக் கொள்வது. அதற்கு 850 வாற்று மின்வழங்கி வேண்டுமென்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. தரமற்ற மின்வழங்கி பழுதுற்றால் ஏனைய உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும்.

அன்றிரவு அவன் கணக்கை மீண்டும் எழுதினான். 200 வாற்று கொள்ளும் 4070 அட்டை, ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலி, அதற்கேற்ற டிடிஆர்5 நினைவகம், தரமான மின்வழங்கி, 2560 × 1440 திரை. பிறர் வியக்க வேண்டுமென்பதற்காகவே முதற்பட்டியலை எழுதியிருந்தான் என்பதும் அப்போதுதான் அவனுக்குப் புலப்பட்டது. ஒன்றின் பெருமையால் அன்று, ஒன்றுக்கொன்று இசைவதாலேயே உறுப்புகள் பயன் தருகின்றன.

தாயின் காப்பு அவர் கையிலேயே இருந்தது. அது கேட்கப்படவிருந்ததை அவர் அறியார்.