வேற்றுயிரும் கூலியும்

1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' படத்தில் வேற்றுயிர் திரையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. அதற்கு முன்பே சரக்குக் கப்பலின் தொழிலாளர் இருவர் தம் பங்குத்தொகைக்காக வாதாடுகின்றனர். ஊழியர் மாண்டாலும் அவ்வுயிர் வந்து சேரவேண்டும் என்பது நிறுவனத்தின் கட்டளை. அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1986-இல் ஜேம்ஸ் கேமரூன் கதையைப் போர்க்களமாக்கினார். ஆயினும் ரிப்லி ஒரு சிறுமியைக் காக்கப் போராடியதால் படம் நிலைத்தது. 1992-இல் வந்த மூன்றாம் படம் அச்சிறுமியைத் தொடக்கத்திலேயே கொன்றது. 2012-இல் 'ப்ரொமீதியஸ்' மனித குலத்தின் தோற்றத்தைத் தேடிச் சென்றது. விளக்கம் பெருகப் பெருக அச்சம் மெலிந்தது. 2024-இல் 'ரோமுலஸ்' சுரங்கக் குடியிருப்பின் இளந்தொழிலாளரிடம் திரும்பியபோது தொடருக்கு மூச்சு மீண்டது.

இத்தொடரின் ஏற்ற இறக்கத்தை அளக்க அரக்கனின் உருவம் உதவாது. அதன் எதிரே நிற்கும் மனிதர் எதை இழக்க அஞ்சுகிறார் என்பதே அளவுகோல்.