விடுதி விதிகளில் ஒரு வரி

அன்புள்ள தம்பிக்கு,

 

நீ அனுப்பிய விடுதி விதிகளின் வரைவைப் படித்தேன். துணை வார்டனாகச் சேர்ந்த கையோடு பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குடி, கஞ்சா, போதை மாத்திரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதியிருக்கிறாய்: ‘பிடிபட்டால் டி.சி.’ அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்க்கிறவள் நான். குடித்து மயங்கிய பையனைக் கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். எப்போது மயங்கினான் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவான் என்று அறைக்கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். வார்டன் காதுக்குப் போனால் எல்லோருக்கும் படிப்பு போய்விடும் என்ற பயம். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும். உடம்பு சில்லிட்டு, மூச்சு விட்டுவிட்டு வரும்போது கொண்டுவந்தால் எங்களால் செய்யக்கூடியது குறைவு, தம்பி. அந்தப் பையன்களைக் கொல்வது சாராயம் மட்டுமில்லை, அந்தப் பயமும்தான்.

அதனால் ஒரு வரி சேர். உயிருக்கு ஆபத்து என்று 108-ஐயோ வார்டனையோ கூப்பிட்ட மாணவன்மீதும், யாருக்காகக் கூப்பிட்டானோ அவன்மீதும் அன்றைய குடிக்காகவோ போதைக்காகவோ ஒழுங்கு நடவடிக்கை இருக்காது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-லேயே இப்படி ஒரு விதி கொண்டுவந்தது.

இது சட்டத்தைத் தளர்த்துவதாகாதா என்று உங்கள் கல்லூரி முதல்வர் கேட்பார். ஆகாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. உன் விடுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குக் கீழேதான். கஞ்சா 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. சிறிய அளவு வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவைக் காட்டு. போதைக்கு அடிமையாகிச் சிறிய அளவோடு பிடிபட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் அவர்மேல் வழக்கு நடத்துவதில்லை. நாடாளுமன்றம் திறந்து வைத்த வழியை ஒரு கல்லூரி ஏன் அடைக்க வேண்டும்?

விற்கிறவன்மேல் எனக்கு இரக்கமே கிடையாது. வலி மாத்திரையைக் கொண்டுவந்து விடுதிக்குள் விற்கிறவனைப் போலீஸில் ஒப்படை. அதை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டு எச்.ஐ.வி.யையும் ஹெபடைடிஸையும் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பையன் நோயாளி. டி.சி. கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் அவனைக் கவனிக்கிற கண்கள் குறையுமே தவிர, அவன் பழக்கம் குறையாது.

மயங்கியவனை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தனியே விடக் கூடாது, காபியோ மோரோ புகட்டக் கூடாது. இதை விடுதிக் காவலாளிக்கும் மெஸ் அண்ணன்களுக்கும் நீயே சொல்லிக்கொடு. போதை மீட்புக்கான உதவி எண் 14446-ஐ ஒவ்வொரு மாடியிலும் ஒட்டு.

விதிகளை முடிவு செய்யும் கூட்டத்தில் மூத்தவர்கள் மறுத்தாலும் விட்டுக்கொடுக்காதே. அந்த வரி இல்லாத விதிகளில் கையெழுத்துப் போடாதே.

உன் அக்கா