மாநிறம்

புகைப்படங்களை வீட்டிலேயே அச்சிடுவது சிக்கனம் கருதிச் செய்யும் காரியமாக இருக்க முடியாது. மையும் தாளும் சோதனையில் வீணாகும் படிகளும் சேர்ந்தால் கடையில் ஆவதைப்போலப் பலமடங்கு செலவு. போதாக்குறைக்கு, எங்கள் பக்கத்துக் கோடையில் சில வாரம் அச்சுப்பொறியைத் தொடாமல் விட்டால் மைத்துளைகள் காய்ந்து படமெங்கும் கோடு விழும். இத்தனைக்குப் பிறகும் நான் வீட்டில் அச்சிடுவதற்குக் காரணம் ஒன்றுதான். இடையில் புகுந்து திருத்துவதற்கு யாரும் இல்லை.

பாலவனத்தத்துக்காரன் இப்படிச் சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஊர் ஜமீன்தார். ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் குறளில் எதுகை மோனை குறைகிறதென்று தம் விருப்பம்போலத் திருத்தி அச்சிட்டதாகவும், தேவர் அந்தப் பிரதிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கி எரித்ததாகவும் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்வது வழக்கம். நானும் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள். புத்தகத்தைக் கொளுத்தும் அளவுக்கு ஒரு மனிதருக்கு அப்படி என்ன கோபம் என்பது, அம்மாவின் படத்தை ஒரு ஸ்டூடியோவிலிருந்து வாங்கிவந்து உறையைப் பிரித்தபோது எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

2011 மாசியில், பருத்தி எடுப்பின்போது நான் எடுத்த படம் அது. அரக்கு நிறப் பருத்திச் சேலையில் அம்மா நிற்கிறாள். மடி நிறையப் பருத்தி. காலடியில் வெடிப்பு விட்ட கரிசல். அம்மா இறந்தபின் மாலை போட்டு வைக்க அந்தப் படத்தைத்தான் கொடுத்தேன். திரும்பி வந்த படத்தில் சேலை குங்குமச் சிவப்பாகியிருந்தது, கரிசல் செம்மண்ணாகியிருந்தது, அம்மாவின் முகம் சந்தனம் பூசியதுபோல வெளுத்திருந்தது. கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுவோம், இல்லேன்னா வாங்க மாட்டாங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்க மாட்டார்கள் என்பது உண்மைதான்.

அம்மாவைக் கறுப்பு என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. 'மாநிறம்' என்பார்கள். இன்று அது ஓர் இடக்கரடக்கல். பெண்பார்க்கும் பேச்சில் தயங்கித் தயங்கி வரும் சொல். ஆனால் சங்கப் பாட்டில் மாமை என்பது அழகின் பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். தலைவன் பிரிந்தால் தலைவி இழப்பது இந்த மாமையைத்தான். அதன்மேல் பசலை படர்வது நோய். ஸ்டூடியோக்காரர் காசு வாங்கிக்கொண்டு என் அம்மாவுக்குப் பசலை ஏற்றிக் கொடுத்திருந்தார்.

இந்த நோய் நம் ஊரில் தோன்றியதன்று. கோடாக் நிறுவனம் வண்ண அச்சகங்களுக்கு ஒப்புநோக்க அனுப்பிய மாதிரிப் படத்தில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தாள். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்டுப் பிலிமைச் சீராக்கத் தூண்டியவர்களில் சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் இருந்தார்கள் என்பது அதில் வரும் செய்தி. சாக்லேட்டுக்குக் கிடைத்த கவனிப்பு மனிதர்களுக்குச் சற்றுத் தாமதமாகவே கிடைத்திருக்கிறது.

ஆகவே நானே பதிப்பாசிரியனாக உட்கார்ந்தேன். கணினித் திரை ஒளியை உமிழ்கிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியில் மை விழுங்கியது போக மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதே பேராசை. அதிலும் கடையிலிருந்து வரும் திரைகள் கண்கூசும்படி ஒளிரும். சதுர மீட்டருக்கு 300 கேண்டெலாவரைகூடப் போகும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். பிரகாசமான திரையைப் பார்த்துச் சரிசெய்யும் படம் தாளில் இருண்டு விழுவது இதனால்தான். திரையின்மேல் வைத்து நிறத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன்.

அடுத்தது புரொஃபைல் என்கிற கோப்பு. இன்ன அச்சுப்பொறி, இன்ன மையைக் கொண்டு, இன்ன தாளில், எந்த நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் அகராதி என்று அதைக் கொள்ளலாம். 1993இல் சில நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற அமைப்பை ஏற்படுத்தி இதற்குப் பொதுவிதி வகுத்தன. தாளை மாற்றினால் அகராதியையும் மாற்றவேண்டும். படத்தைத் திறக்கும் மென்பொருள், அச்சுப்பொறியின் மென்பொருள் இரண்டில் ஒன்றுதான் நிறத்தை ஆளவேண்டும். இரண்டுமே திருத்தினால் ஒரே ஏட்டில் இரு புலவர்கள் கைவைத்த கதைதான். அச்சுப்பொறியின் 'படத்தை அழகாக்கு' என்ற வசதியை முதல் வேலையாக அணைத்தேன்.

இவ்வளவும் செய்தால் திரையும் தாளும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் திரையில் தெரிவது அம்மாவின் நிறம்தானா? அதை எந்தக் கருவியும் சொல்லாது. நல்லவேளையாக, கேமரா அப்படியே பதிந்துவைத்த 'ரா' கோப்பு என்னிடம் இருந்தது. மூல ஏடு கையில் இருப்பதுபோல. அதில் வெண்மை எது என்று சுட்டிக்காட்டினால் மற்ற நிறங்கள் அதற்கேற்ப நகரும். மடியிலுள்ள பருத்தியைச் சுட்டிக் காட்டினேன். படம் முழுவதும் நீலம் பாய்ந்தது. காலை வெயிலில் பருத்தி வெள்ளையாக இருப்பதில்லை, இளமஞ்சள் தட்டியிருக்கும். நினைவை நம்பலாம் என்றால் அதுவும் சாட்சிக்கு உதவாது. பழகிய பொருள்களின் நிறத்தை மனம் உள்ளதைவிட அழுத்தமாகவே நினைவில் வைக்கும் என்பது ஆய்வாளர்கள் கண்டது. அதுபோக, இறந்துபோனவர்களைப் பற்றிய நினைவு வேறு.

பாடம் ஐயத்துக்குரியதானால் புறச்சான்று தேடவேண்டும். அம்மா இல்லை, சேலை டிரங்குப் பெட்டியில் இருந்தது. நிலமும் இருந்தது. ஒரு கட்டிக் கரிசலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். (நனைந்தால்தான் அது கறுப்பு, மாசியில் காய்ந்தபின் சாம்பல் நிறம்.) சோதனைப் படிகளைச் சிறு துண்டுகளாக அச்சிட்டு, மை உலர ஒரு நாள் விட்டு, காலையில் கிழக்குச் சன்னலருகே சேலையையும் மண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சேலையின் மடிப்புக்குள் வெயில் படாமல் சாயம் வெளிறாதிருந்த பகுதிதான் அளவுகோல். டியூப் லைட்டில் ஒத்துப்போவது வெயிலில் ஒத்துப்போகாது. ஒளி மாறினால் மையும் சாயமும் வெவ்வேறு வழியில் மாறும். பதினோராவது துண்டில் மண் மண்ணாகவும் அரக்கு அரக்காகவும் வந்தன. இரண்டுக்கும் நடுவில் அம்மாவின் முகத்தை நான் தொடவே இல்லை. அது தானாக வந்து நின்றது. கன்னத்து மேட்டில் செம்பு, கழுத்து மடிப்பில் ஏறக்குறையக் கறுப்பு. உரைகாரர்கள் மாந்தளிர் என்று சொன்னதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பெரிய அளவில் அச்சிட்டுச் சித்தியிடம் காட்டினேன்.

"ஏய்யா, அக்காவ இம்புட்டுக் கறுப்பாவா போடுவ?"

"இப்படித்தான சித்தி இருந்தாங்க?"

"இருந்தா? அதுக்காக?"

சொல்லிவிட்டு, படத்தை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சேல சரியா இருக்கு" என்றாள் கடைசியில். முகத்தைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டூடியோ படம் இப்போது சித்தி வீட்டில் மாலையோடு இருக்கிறது. நான் அச்சிட்டது என் அறையில், வெயில் நேராகப் படாத சுவரில். போன மாதம் சித்தி தொலைபேசியில் அழைத்தாள். தனக்கும் ஒரு படம் எடுத்து, அம்மா படம் போலவே வீட்டில் அச்சிட்டுத் தரவேண்டுமாம். அதே தாளில், அதே அளவில்.

"ஆனா கொஞ்சம் வெளுப்பாப் போடுய்யா" என்றாள். தாள் வரட்டும் சித்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.