தறியை விட்டுப் பந்தைத் தொட்டவர்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

வெற்றி பெற்றவனின் வரலாற்றைப் படிக்க உலகமே ஆவலோடு நிற்கிறது. ஆனால், வெற்றி அவனை விட்டு விலகிய பின் அவன் என்ன ஆனான் என்று கேட்போர் எத்தனை பேர்? கெர்ட் முல்லர் என்னும் ஜெர்மானியக் கால்பந்து வீரரின் வாழ்க்கையை நான் விரும்பிப் படிப்பதற்கு அவர் அடித்த கோல்கள் மட்டும் காரணம் அல்ல. கோல்கள் நின்ற பிறகு நடந்தவையும் காரணம்.

1945ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், பவேரியா மாநிலத்தில் நோர்ட்லிங்கன் என்னும் சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தவர் முல்லர். இளம் வயதிலேயே பள்ளியை விட்டு நெசவுத் தொழில் பழகச் சென்றவர். நானும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை; எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தறியின் ஓசைக்கு நடுவே பாடம் படித்து வளர்ந்த எனக்கு இச்செய்தி எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

1964இல் அவர் பேயர்ன் மியூனிக் கழகத்தில் சேர்ந்தார். அன்று அக்கழகம் நாட்டின் முதல் பிரிவில்கூட இல்லை; 1965இல்தான் அந்த நிலைக்கு உயர்ந்தது. பயிற்சியாளர் சைக்கோவ்ஸ்கி இவருக்குச் சூட்டிய பெயர் ‘குட்டைத் தடியன் முல்லர்’ என்பதாகும். பருத்த தொடைகள், குட்டையான கால்கள்! ஆனால், ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும் பொருள் எளிதில் கவிழாது என்பது எங்கள் இயற்பியல் பாடம். எதிரணித் தடுப்பாளர்கள் இடித்தாலும் அவர் நிலைகுலையவில்லை. கையகல இடத்திலும் சட்டெனத் திரும்பிப் பந்தை வலைக்குள் செலுத்தினார். எள்ளி நகையாடப்பட்ட உடலே படைக்கலமாயிற்று!

ஜெர்மனியின் முதல் பிரிவுப் போட்டிகளில் 427 ஆட்டங்களில் 365 கோல்கள். 1971-72 பருவத்தில் மட்டும் 40 கோல்கள். இச்சாதனையை லெவன்டோவ்ஸ்கி 41 கோல்களால் முறியடிக்க 2021ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. 1970இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் 10 கோல்கள். மேற்கு ஜெர்மனி நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 62. அடித்த கோல்கள் 68. ஆடிய ஆட்டங்களைவிட அடித்த கோல்கள் அதிகம் என்னும் பெருமை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

1974 ஜூலை 7. மியூனிக் நகரில் உலகக் கோப்பை இறுதியாட்டம். எதிரே நெதர்லாந்து. இரு அணிகளும் ஆளுக்கொரு கோல். 43ஆம் நிமிடத்தில் வலப்புறமிருந்து போன்ஹாஃப் அனுப்பிய பந்து முல்லருக்குச் சற்றே பின்னால் சென்றுவிடுகிறது. வேறொருவராயின் வாய்ப்புப் போயிற்று என்று கை விரித்திருப்பார். முல்லரோ பின்வாங்கி, திரும்பி, உதைக்கிறார். கோல்! கோப்பை மேற்கு ஜெர்மனிக்கு!

இந்தக் கதையை ஒரு மாலை என் அப்பாவிடம் விவரித்தேன். தார் மாற்றிக்கொண்டே கேட்டவர், “எல்லாம் சரி தம்பி, கால் ஓஞ்சப்புறம் அந்த மனுசன் என்ன செஞ்சாரு?” என்றார். முப்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் மிதித்த கால்கள் அவருடையவை. இப்போது அறுந்த இழையைக் கண்டு முடிச்சுப் போட அம்மாவைக் கூப்பிடுகிறார். நான் வேலைக்குப் போய்விட்டால் எங்கள் வீட்டுத் தறி அவரோடு நின்றுவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே, அந்தக் கேள்வி முல்லரைப் பற்றியது மட்டும் அன்று.

விடையைச் சொன்னேன். 1979இல் முல்லர் பேயர்னை விட்டு அமெரிக்காவுக்கு ஆடச் சென்றார். ஆட்டம் முடிந்து தாயகம் திரும்பியபோது செய்வதற்கு ஏதுமில்லை. மதுவுக்கு அடிமையானார். கோடிக் கணக்கானோர் பெயர் சொல்லி முழங்கிய மனிதர் தன்னையே இழந்து நின்றார். 1991இல் ஊலி ஹோனஸ் முதலிய பழைய தோழர்கள் அவரை விட்டுவிடாமல் சிகிச்சைக்கு இணங்கச் செய்தனர். அதன்பின் கழகத்திலேயே பயிற்சிப் பணியும் கிடைத்தது. இரண்டாம் அணி இளைஞர்களுக்குப் பல்லாண்டுகள் ஆட்டம் கற்பித்தார். அங்கே ஆடி உயர்ந்த தாமஸ் முல்லர், 2014இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இடம்பெற்றார்.

“கூட ஆடுனவங்க கைவிடலையே, அது போதும்” என்று சொல்லி அப்பா மீண்டும் நாடாவை ஓட்டத் தொடங்கினார்.

பின்னாளில் மறதிநோய் அவரைப் பற்றியது. தாம் அடித்த கோல்களையே மறக்கச் செய்யும் கொடிய நோய்! 2021 ஆகஸ்ட் 15 அன்று முல்லர் மறைந்தார்.

இடுப்பில் ஆடை நழுவும்போது கை விரைந்து சென்று காப்பதுபோல நட்பு இருக்க வேண்டும் என்றார் வள்ளுவர். அதற்கு மியூனிக் நகரில் ஓர் எடுத்துக்காட்டைக் கண்டேன். முல்லரின் 365 கோல்களை நம்மால் அடிக்க முடியாமற் போகலாம்; அந்தத் தோழர்கள் செய்ததை நம்மால் செய்ய முடியும். முதல் ஆண்டில் நம்மோடு அமர்ந்திருந்து, பணமின்றியோ மனமுடைந்தோ வராமல் நின்றுவிட்ட நண்பன் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவன் வீடு நமக்குத் தெரியும். இந்த விடுமுறையில் அந்தக் கதவைத் தட்டுவோம், தோழர்களே!