ரைட்டும் ஹோல்டானும்

(மூன்றாமாண்டு கணித மாணவி)

ஓட்டப் பந்தயங்கள் பல உண்டு. நூறு மீட்டர் ஓட்டம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கும்போதே முடிந்துவிடும். மாரத்தான் அப்படிப்பட்டதன்று. அதன் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். முசிறியில் பேருந்து ஏறித் திருச்சியில் இறங்குகிறோமே, ஏறத்தாழ அவ்வளவு! உட்கார்ந்து போகவே நமக்கு இடுப்பு வலிக்கிறது. அதைக் காலால் ஓடிக் கடக்க ஒருவர் ஆசைப்பட்டால் அவரை என்னவென்று சொல்வது? எங்கள் தெருவில் அவரைப் பைத்தியம் என்றார்கள். நான் 'அப்பா' என்றேன்.

மாரத்தான் ஓட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சில் பதிந்துவிட்டது. 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தை வென்ற ஸ்பிரிடன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்ற எளிய மனிதர். நான் சொல்ல வந்த நிகழ்ச்சி அவரைப் பற்றியதன்று. 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய டொராண்டோ பியத்ரி என்னும் இத்தாலியரைப் பற்றியது. அவர் எல்லோருக்கும் முன்பாக விளையாட்டரங்கிற்குள் நுழைந்தார். ஆனால் உடல் ஓய்ந்துவிட்டது, திசை தெரியவில்லை. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். இரக்கம் மேலிட்ட அதிகாரிகள் அவரைத் தூக்கி நிறுத்தி, எல்லைக் கோட்டைக் கடக்க உதவினார்கள். அந்த உதவியே அவருக்கு வினையாயிற்று! பிறர் கைபட்டு ஓடினார் என்று அவருடைய வெற்றி செல்லாமற்போயிற்று. மறுநாள் அலெக்சாண்டிரா அரசியார் அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் அளித்து ஆறுதல் செய்தார்.

ஓடுபவருக்காக இன்னொருவர் ஓட முடியாது. அவரைத் தாங்கிப் பிடிக்கவும் கூடாது. அப்படியானால் உடனிருப்பவர்களுக்கு என்னதான் வேலை? கைதட்டுவது மட்டுமா? இந்தக் கேள்விக்கு ஒன்றரை ஆண்டுக் காலம் ஒரு மிதிவண்டியின் மேல் உட்கார்ந்து நான் விடை தேடினேன்.

என் தந்தையார் அரசுப் பேருந்தில் நடத்துநர். பள்ளி நாட்களில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவு வரை சென்றவர். பதினெட்டு வயதில் தாத்தா இறந்துவிட, படிப்பையும் ஓட்டத்தையும் சேர்த்து மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டார். அதன் பிறகு அவர் அறிந்த ஓட்டமெல்லாம் ஓடும் பேருந்துக்குள் நிற்பதுதான்.

2020-இல் ஊரடங்கு வந்தது. பேருந்துகள் பணிமனைக்குள் முடங்கின. கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்தபோது, விடியற்காலையில் காவிரிக் கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். நடை மெல்ல ஓட்டமாயிற்று. கோரை வயல்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி நாளொன்றுக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் ஓடினார். பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கிய பின்னும் அவர் நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டு சூன் மாதம், நான் கல்லூரியில் சேர்ந்த அதே வாரத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பாப்பா, வர்ற சனவரியில மெட்ராஸ்ல மாரத்தான் நடக்குதாம். அம்பது வயசு ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது முழுசா ஓடிப் பார்த்துடணும்."

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பாட்டி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இந்தக் காலை நம்பித்தான் நாலு பேரு சோறு திங்கிறோம். அது நெனப்புல இருக்கட்டும்" என்றார். அம்மா சொன்னதை அச்சம் என்று தள்ளிவிட முடியாது. அது எங்கள் வீட்டு வரவுசெலவுக் கணக்கு. நடத்துநருக்குக் கால் போனால் வேலை போயிற்று என்றே பொருள்.

அன்று முதல் விடியற்காலை நாலரை மணிக்கு அப்பா ஓடுவார். தண்ணீர்ப் பாட்டிலும் வாழைப்பழமும் சுமந்துகொண்டு நான் மிதிவண்டியில் பின்தொடர்வேன். தொலைவை அவர் கிலோமீட்டரில் சொல்லமாட்டார். ஸ்டேஜ் கணக்கில்தான் சொல்வார். "பாலத்து முனைக்கு ரெண்டு ஸ்டேஜ், அங்கேருந்து குளித்தலைக்கு ஒண்ணு." கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் தொல்லை சூலை மாதமே வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கினாற்போல் வலி. பத்தடி நடந்தால் குறையும். மறுநாள் மீண்டும் வரும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலைத் தாங்கி நிற்கும் பட்டை போன்ற திசு புண்பட்டிருப்பதாக இயன்முறை மருத்துவர் விளக்கினார். நாள் முழுதும் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் இது வரக்கூடியது. அப்பாவோ இரண்டு வகையிலும் சேர்ந்தவர்! கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகளைக் கற்றுக் கொடுத்தார். உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டச் சொன்னார். பாட்டி தம் பங்குக்குச் செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை போட்டு அதன்மேல் குதிகாலை வைக்கச் சொன்னார். காலையில் பனிக்கட்டி, இரவில் செங்கல் என்று எங்கள் வீட்டில் இரு மருத்துவமும் சண்டையின்றி நடந்தன. ஆறு வாரத்தில் வலி குறைந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டேன். ஓடிய தொலைவு, தூங்கிய நேரம், பணியில் நின்ற நேரம், வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண் என நான்கு கட்டங்கள். கணிதம் படிப்பவளுக்கு இதைவிட வேறென்ன தெரியும்? ஒரு மாதம் எழுதியதும் ஓர் உண்மை புலப்பட்டது. அதிகம் ஓடிய நாளுக்கு மறுநாள் வலி கூடவில்லை. நெடுந்தூரப் பேருந்தில் பணி முடித்து வந்து, மறுநாளே ஓடினால்தான் கூடியது. ஓய்வு நாளை மாற்றி அமைத்தோம்.

அக்டோபரில் அப்பாவுக்கு மூச்சு நன்றாகப் பழகிவிட்டது. பேசிக்கொண்டே பதினாறு கிலோமீட்டர் ஓடினார். அந்த உற்சாகத்தில், தொலைவைக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்ற விதியை மறந்து, ஆயுத பூசை விடுமுறையில் ஒரே தாவலாக இருபத்தைந்துக்குப் போனார். தெருவே பாராட்டியது. அதுவரை பைத்தியம் என்றவர்கள் "விடாதீங்க, இன்னும் ஓடுங்க" என்று தட்டிக் கொடுத்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில் இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி தொடங்கியது.

மருத்துவர் ஒரு விரலால் எலும்பு நெடுகிலும் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் அப்பா துள்ளினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. "தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது. இது தெரியச் சில வாரங்கள் ஆகும்" என்றார் மருத்துவர். அவர் சொன்ன விளக்கத்தை என்னால் மறக்க முடியாது. எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. பழைய பகுதி கரைந்து புதிய பகுதி உருவாகிக்கொண்டே இருக்கும். பாரம் திடீரெனக் கூடினால் கரைவது முந்திக்கொள்ளும்; கட்டுவது பின்தங்கும். அப்போது மயிரிழை போன்ற விரிசல் விழும். மூச்சும் தசையும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கோ மாதங்கள் வேண்டும். ஓடுபவரை ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். 'என்னால் முடியும்' என்று நெஞ்சு சொல்லும் நாளில் எலும்பு இன்னும் ஆயத்தமாகியிருக்காது.

மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது. மொத்தம் எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார்கள். பந்தயத்திற்கு அவ்வளவு நாளும் இல்லை.

அன்று மாலை அப்பா திண்ணையில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "பணம் கட்டியாச்சு பாப்பா. வலி இப்ப ரொம்ப இல்ல. மெதுவா ஓடிட்டு வந்துடறேன். ஊரெல்லாம் சொல்லியாச்சு" என்றார். அம்மா உள்ளே போய்விட்டார். முப்பது ஆண்டு ஆசை ஒன்று என் எதிரே உட்கார்ந்திருந்தது. 'ஓடுங்கள்' என்று சொல்லியிருந்தால் அந்த முகம் அப்போதே மலர்ந்திருக்கும். விரிசல் விட்ட எலும்பின் மேல் 42 கிலோமீட்டர் ஓடினால் அது முழுதும் முறியக்கூடும் என்பதை மருத்துவர் எங்கள் இருவரிடமும்தான் சொல்லியிருந்தார்.

நான் கேட்டேன்: "அப்பா, படியில ஒத்தக் கால் வச்சிக்கிட்டு ஒரு ஆளு தொங்கிக்கிட்டு இருந்தா நீங்க ரைட் கொடுப்பீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது எப்படிக் கொடுக்க முடியும்?"

"வண்டி நேரமாயிடுச்சு, உள்ள இருக்கிறவங்க எல்லாம் கத்தறாங்க. அப்ப?"

அவர் பதில் சொல்லவில்லை. காலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பின்பு, பேருந்தில் சொல்வதைப் போலவே, "ஹோல்டான்" என்றார். சிரிக்க முயன்றார், கண் கலங்கிவிட்டது. 2024 சனவரியில் அவர் ஓடவில்லை.

நண்பர்களே, ஓடும் நாட்களில் உடன் போவது எளிது. ஓடாத நாட்களில் உடன் இருப்பதுதான் கடினம். மருத்துவ விடுப்பு முடிந்து, சில வாரங்கள் பணிமனையிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். படிக்காசு நின்றது, வீட்டில் கை சுருங்கியது. ஆயினும் நாலரை மணிக்கு எழுவதை நாங்கள் விடவில்லை. பாயை விரித்து, மருத்துவர் சொன்ன இடுப்பு, தொடைப் பயிற்சிகளை இருவரும் செய்தோம். பிறகு மிதிவண்டி மிதிக்க அனுமதி கிடைத்தது. என் வண்டியில் அவர் போக, நான் பக்கத்தில் ஓடிப் பார்த்தேன். முக்கால் கிலோமீட்டரில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன பாப்பா, ஒரு ஸ்டேஜ்கூட வரல, இறங்கிட்ட?" என்று அவர் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

மார்ச்சில் மீண்டும் தொடங்கினோம். நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். சிறு பிள்ளை நடை பழகுவது போலத்தான். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஓட்டம் தொடங்குமுன் நான் ஒரே கேள்வி கேட்பேன்: "படியில ஆள் இருக்காப்பா?" வலி இருந்தால் 'இருக்கு' என்பார், அன்று திரும்பிவிடுவோம். அவர் ஒரு நாளும் என்னிடம் பொய் சொல்லவில்லை. வலியை ஒப்புக்கொண்டால் மகள் ஏசமாட்டாள், இரங்கி அழவும் மாட்டாள், வண்டியைத் திருப்பிக்கொண்டு பேசாமல் உடன் வருவாள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. என் வேலை முழுவதும் அந்த நம்பிக்கையைக் காப்பதாகவே இருந்தது.

2025 சனவரியில் சென்னையில், இருள் பிரியுமுன் ஆயிரக்கணக்கானவர்களோடு அப்பாவும் புறப்பட்டார். என் மிதிவண்டிக்கு அங்கே இடமில்லை. அம்மாவும் நானும் நகரப் பேருந்து பிடித்து, முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் அருகே சாலையோரம் நின்றோம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் உடலில் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதால், ஓடுபவர்கள் சுவரில் மோதினாற்போல் திணறுவார்களாம். வந்தவர்களின் முகங்களில் அதைக் கண்டோம். வெயில் ஏறிவிட்டது. அப்பா நடையும் ஓட்டமுமாக வந்தார். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. அம்மா கையை நீட்டப் போனார். பியத்ரியின் கதையை அவருக்கும் சொல்லியிருந்தேன், எனவே நீட்டிய கையில் மோர்ப் பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டார். நான் பக்கவாட்டில் நடந்தபடியே கேட்டேன்: "படியில ஆள் இருக்காப்பா?"

மோரை ஒரு வாய் குடித்தார். நிறுத்தி, காலை உணர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாரும் இல்ல."

"அப்ப இன்னும் நாலே ஸ்டேஜ்தான். ரைட்!"

அவர் ஓடினார். ஐந்து மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தார். பரிசு பெற்றவர்கள் அதற்குள் குளித்துச் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் மறுநாள் காலை அதே இரண்டு கால்களோடு அப்பா பேருந்தில் ஏறி நின்று டிக்கெட் கிழித்தார். அம்மாவின் கணக்கும் தவறவில்லை.

பீகாரில் பிறந்த சிவநாத் சிங் என்ற இராணுவ வீரரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். காலணியின்றி ஓடிப் பெயர்பெற்ற அவர், 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தார். 1978-இல் சலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி, பல பத்தாண்டுகள் நிலைத்த இந்தியச் சாதனையைப் படைத்தார். அத்தகையோரின் பெயரை ஏடுகள் காக்கும். எங்கள் அப்பாவின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. ஆயினும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் யாரோ ஒருவர் இப்படி ஏதோ ஒரு நெடுந்தொலைவை ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். வயது கடந்தபின் தேர்வெழுதும் அம்மாவாக இருக்கலாம். வேலைக்காக மூன்றாம் முறை தேர்வுக்குப் படிக்கும் அண்ணனாக இருக்கலாம்.

அவர்களைப் பாராட்டுங்கள், உடன் செல்லுங்கள். அதோடு, படியில் ஆள் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். 'ரைட்' கொடுக்க ஊரே இருக்கிறது. 'ஹோல்டான்' சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டும். நின்ற வண்டி மீண்டும் புறப்படும்வரை அவர் இறங்கிப் போகாமலும் இருக்க வேண்டும்.