பதிவேட்டில் லெட்சுமியைத் தேடியபோது

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனை. ஓ.பி. சீட்டு போடும் கவுண்டருக்குள், மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அட்டையைத் தொலைத்தவர்களின் பழைய பதிவை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

"பேரு என்ன பாட்டி?"

"லெட்சுமி."

கவுண்டரில் இருந்த பெண் ஆங்கிலத்தில், கே.எஸ்.எச். போட்டு அடித்தார். எக்ஸ் போட்டு எழுதிய லக்ஷ்மிகள் வந்தார்கள். லோகன் என்று ஒருவரும் வந்தார். பாட்டி மட்டும் வரவில்லை.

தேடலுக்குள் இருப்பது, ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே எண் போடும் சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்ற முறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பெயர்களை வரிசைப்படுத்த 1930களில் அங்கே பெரிய அளவில் பயன்பட்டது. இன்று மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும்.

தம்பி ஒரு தாளில் போட்டுக் காட்டினார். முதல் எழுத்து அப்படியே நிற்கும். உயிரெழுத்துகளும் எச், டபிள்யூ, ஒய் மூன்றும் போய்விடும். கே, எஸ், எக்ஸ், ஜி எல்லாவற்றுக்கும் 2. ஒட்டி வந்தால் ஒரே 2தான். எம்முக்கும் என்னுக்கும் 5. மூன்று இலக்கம் வராவிட்டால் சுழியம். ஆக லக்ஷ்மியை கே.எஸ்.எச். போட்டாலும் எக்ஸ் போட்டாலும் எல்250. லோகனுக்கும் அதேதான்! பாட்டியின் பெயரைப் பழைய பதிவில் டி.சி.எச். போட்டு ஏற்றியிருக்கிறார்கள். டிக்கு 3, சிக்கு 2, எம்முக்கு 5: எல்325. எப்படிச் சேரும்?

நம் பெயர்களில் இந்தச் சிக்கல் நிறைய. சுப்ரமணியத்தை பி (B) போட்டாலும் இன்னொரு பி (P) போட்டாலும் எஸ்165தான்; தப்பித்துக்கொள்கிறார். பழனிவேலையோ இசட்.எச். போட்டு எழுதினால் ஓர் எண், எல் போட்டு எழுதினால் வேறு எண். இங்கிலீஷ் காதுக்குச் செய்த முறையில் ழகரம் எங்கே இருக்கும்? கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் குடும்பப் பெயர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. அவர்களுக்கென்றே டெய்ட்ச், மொக்கோடாஃப் இருவரும் 1985இல் தனி முறை செய்தார்கள்.

தம்பி இரண்டு வரி சேர்த்தார்: எண் போடுமுன் டி.சி.எச். என்பது கே.எஸ்.எச். ஆகட்டும், இசட்.எச். என்பது எல் ஆகட்டும். மறுபடி தேடியதும் பாட்டி வந்துவிட்டார். வயது, ஊர், வீட்டுக்காரர் பெயர் மூன்றையும் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அந்தப் பெண் பதிவைத் திறந்தார். அதில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பில் இருந்தது.

மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதுகிறவர்களே, அந்த இரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கள். பெயரைத் தமிழிலும் பதிய ஒரு கட்டம் வையுங்கள்.